ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

மங்களூர்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் "ஆஹா, மீன் குழம்பு, பீச்"னு ஆரம்பிச்சுடறாங்க. அது கர்நாடகா மங்களூருங்க. நம்மது கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையுற மானாவாரி பூமி. 2006 தேர்தல் வரைக்கும் எங்க ஊர் பேர்ல ஒரு தனித்தொகுதியே இருந்துச்சு. 2011லேர்ந்து அது திட்டக்குடி ஆயிடுச்சு. டவுனுன்னா எங்களுக்கு விருத்தாசலம்தான். பீங்கான் ஊர். எங்க வீட்டு ப்யூஸ் கேரியர்லேர்ந்து கார்த்திகை அகல் வரைக்கும் அங்க வாங்கினதுதான்.

பொங்கலுக்குப் போனப்போ பரண்ல எங்க பழைய டயனோரா டிவியைப் பார்த்தேன். ஷட்டர் கதவு வெச்ச கறுப்பு வெள்ளைப் பெட்டி. மகாபாரதம் போட்ட காலத்துல (1988லேர்ந்து 1990 வரை) தாத்தா வாங்கினது. டயனோரா, சாலிடேர் ரெண்டுமே நம்ம மெட்ராஸ் கம்பெனிங்க. இப்போ ரெண்டு பேரையுமே கடையில கேட்டா சிரிப்பாங்க. உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு. "அந்தக் காலத்துல ஊரே ஒண்ணா உக்காந்து டிவி பார்த்துச்சு, இப்போ ஆளுக்கொரு போன்"னு ஒரு பதிவு தேத்திடலாம்னு உக்காந்தேன். எழுத எழுத வேற மாதிரி ஆயிடுச்சு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. நம்ம நாட்டுல டிவி வந்ததே கூட்டத்துக்காகத்தான். 1959 செப்டம்பர் 15 அன்னிக்கு டெல்லியில சோதனை ஒளிபரப்பு ஆரம்பிச்சப்போ, யுனெஸ்கோ உதவியோட 'டெலி கிளப்'னு வெச்சு மக்களைக் கூட்டமா உக்கார வெச்சுத்தான் காட்டினாங்க. சென்னைக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதே மாசம் 1ந்தேதி இஸ்ரோ, நாசாகிட்ட ஒரு செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டுற 'சைட்' திட்டத்தை ஆரம்பிச்சுது. ஊருக்கு ஒரு பெட்டி. தமிழ்நாடு அந்த ஆறுல இல்லை. 1976 ஜூலையோட இரவல் முடிஞ்சு செயற்கைக்கோளைத் திருப்பிக்கிட்டாங்க. வருஷம் முழுக்க பார்த்துட்டு மறுநாள் வெறும் பெட்டி முன்னாடி நின்ன சனங்களை நினைச்சா பாவமாத்தான் இருக்கு.

அப்புறம் 1982ல ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக கலர் வந்துச்சு. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி வந்துச்சு. நான் விவரம் தெரிஞ்சு பார்க்கும்போது எங்க தெருவுக்குக் கேபிளும் வந்தாச்சு. ஆனா பெட்டி மட்டும் அதே டயனோராதான். அணைச்சா நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்னு மறையுமே, அதை விரலால தொட்டுப் பார்க்க எனக்கும் தம்பிக்கும் சண்டை நடக்கும்.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் படம்னா எங்க வீட்டு நடையில இடம் இருக்காது. தெரு சனம் பூரா உள்ள. காலனியிலேர்ந்து வர்றவங்க மட்டும் வெளியில, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் உள்ள வரச் சொன்னதும் இல்லை. அது அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும். அதுல என் வயசுப் பையன் ஒருத்தன் வருவான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான் வேர்க்கடலையைக் கம்பி வழியா நீட்டுவேன். சண்டைக் காட்சின்னா அவன் 'டிஷ்யூம்' சொல்லுவான். எங்க பழக்கம் அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயித்துக்கிழமைதான். எனக்கு ஏழு வயசு. கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு டிவியில காட்டுறாங்க. கடலூர், தேவனாம்பட்டினம்னு நம்ம மாவட்டத்துப் பேராவே வருது. மாவட்டத்துல மட்டும் அறுநூறு பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்தப் பையனோட அம்மா ஜன்னலாண்ட வந்து நின்னாங்க. அவங்க தம்பி கடலூர் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாராம். போன் எதுவும் கிடையாது. கறுப்பு வெள்ளையில எல்லா முகமும் ஒரே மாதிரி தெரியுது. எங்க ஆயா எழுந்து போய், "அங்க நின்னா என்னா தெரியும், உள்ள வந்து கிட்ட உக்காந்து பாரு புள்ள"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. அந்த அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உக்காந்து, ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஆயா சொம்புல தண்ணி குடுத்தாங்க. அந்தப் பையன் என் பக்கத்துல உக்காந்திருந்தான். எங்க வீட்டுத் தரையில அவன் உக்காந்த ஒரே நாள் அதுதான்.

தம்பி மூணாம் நாள் உசிரோட வந்துட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க பழையபடி ஜன்னலுக்கு வெளியில நின்னாங்க. ஆயாவும் கூப்பிடலை.

2006ல திமுக ஆட்சிக்கு வந்ததும் இலவசக் கலர் டிவித் திட்டம். 14 இஞ்ச் பெட்டி. ஆரம்பிச்ச தேதி செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். டெல்லியில டிவி வந்த அதே தேதி, 47 வருஷம் கழிச்சு! 2011ல ஆட்சி மாறினதும் திட்டம் நின்னுச்சு. அதுக்குள்ள ஒன்றரைக் கோடிக்கும் மேல பெட்டி குடுத்தாச்சு. இது லஞ்சமான்னு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், தேர்தல் அறிக்கையில வாக்குறுதி குடுக்கறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு 2013 ஜூலையில தீர்ப்பு வந்துச்சு. "இலவசம் குடுத்து சோம்பேறி ஆக்கிட்டாங்க"ன்னு ஆபீஸ் கேன்டீன்ல நானும் பல தடவை தலையாட்டியிருக்கேன்.

எங்க ஊருக்குப் பெட்டி வந்த வாரமே ஜன்னல் காலி. எனக்கு அழுகையா வந்துச்சு. வழியில அவனைப் பார்த்தப்போ "ஏன்டா வரலை?"ன்னு கேட்டேன். "எங்க வூட்லயே இருக்குதே"ன்னுட்டு ஓடிட்டான்.

இந்தப் பொங்கலுக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல அவனை மறுபடி பார்த்தேன். அவனே வந்து பேசினான். பஸ் வர்ற வரைக்கும் பத்து நிமிஷம். நான் பரண்ல டயனோராவைப் பார்த்ததைச் சொல்லி, "செம ஜாலியா இருந்துச்சுல்ல அப்பல்லாம்?"னேன். அவன் சிரிச்சான். "எனக்கு அந்த ஜன்னல் கம்பிதான் ஞாபகம் இருக்கு. மேக்கால பாத்த ஜன்னல். சாயந்திர வெயில்ல சூடா இருக்கும். கையை மாத்தி மாத்திப் பிடிச்சுக்குவோம்." கோவமா எல்லாம் சொல்லலை. அப்புறம் "உங்க ஆயா நல்லா இருக்காங்களா? அன்னிக்கு எங்க அம்மாவுக்குத் தண்ணி குடுத்தாங்க"ன்னு கேட்டான். ஆயா போய் நாலு வருஷம் ஆச்சுன்னேன். பஸ் வந்துடுச்சு. நம்பர் வாங்க மறந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஜன்னலைப் பார்த்தேன். இருபது வருஷமா அதே ஜன்னல். அது மேற்குப் பார்த்த ஜன்னல்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதனால 'ஊரே ஒண்ணா உக்காந்து டிவி பார்த்துச்சு'ங்கற பதிவை எழுத முடியலை. ஊர் ஒண்ணா உக்காந்தது ஒரே ஒரு நாள்தான். அதுக்கும் ஒரு சுனாமி வர வேண்டியிருந்துச்சு.

சரி மக்களே, நாளைக்கு ஆணி நிறைய இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு: நீங்க டிவி பார்த்த வீட்டுல ஜன்னல் இருந்துச்சா? நீங்க எந்தப் பக்கம்?