கொல்லைப் பூக்களின் பூர்வீகம்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாட்களில், தமிழ்நாட்டுப் பழைய வீடு ஒன்றின் தெருவேலியில் தொடங்கி, திண்ணையோரமாகவும் கிணற்றடி வழியாகவும் கொல்லைக் கதவு வரையில் நிதானமாக நடந்து செல்லுகிறவர், வழியில் தாம் காணும் பூச்செடிகளுள் எவை இந்த மண்ணிலேயே தோன்றியவை, எவை கடல் கடந்து வந்தவை என்று ஆராய்வதில்லை. எல்லாம் ஒரே குடலையில் பறிக்கப்பட்டு, ஒரே சுவாமி விளக்கின்முன் வைக்கப்படுகின்றன. நான்கு நூற்றாண்டு உறவும் இரண்டாயிரம் ஆண்டு உறவும் அங்கே ஒரே மதிப்புப் பெறுகின்றன. ஆயினும் அந்தச் சிறிய தூரத்துக்குள் மெக்ஸிகோவும் பிரேஸிலும் மடகாஸ்கர் தீவும் அடுத்தடுத்து நிற்கின்றன.

செடிகளின் தேசாந்தரப் பிரயாணத்தைப்பற்றி எழுதுகிறவர்கள் கப்பல் தலைவர்களையும் கவர்னர்களையும் தாவர சாஸ்திரிகளையும் போற்றி எழுதுவது வழக்கம். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கரையில் வந்து இறங்கிய எண்ணற்ற செடிகளுள் எது நம் வீட்டில் தங்கலாம், எது போய்விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள் அல்லர். தெருவில் அவிழ்த்துவிட்ட ஆடுகளும், கோடையில் வற்றிப்போகும் கிணறுகளும், பூஜைக்கும் கூந்தலுக்கும் பூத் தேடிய வீட்டுப் பெண்களுமே அந்தத் தீர்ப்பை வழங்கினார்கள் என்பது என் துணிபு. எந்தச் செடி தோட்டத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதற்குப் போதிய சாட்சி.

தெருவேலியை முதலில் பார்க்கலாம். மதில் எழுப்ப வசதியில்லாத வீடுகளில் வேலியோரம் நிற்பவை செவ்வரளியும் மஞ்சள் அரளியும் நித்தியகல்யாணியுமாகவே இருக்கும். மூன்றும் வெவ்வேறு திசையைச் சேர்ந்தவை. செவ்வரளி மத்தியதரைக் கடல் தொடங்கி ஆசியா வரையில் பரந்து வளர்வதும், நம் நாட்டில் நெடுங்காலமாகப் பழகியதுமான செடி. மஞ்சள் அரளி மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாக உடையது. நித்தியகல்யாணியோ மடகாஸ்கர் தீவுக்கே உரியது. திசை வேறாயினும் குணம் ஒன்று: மூன்றிலும் விஷச்சத்து உண்டு, ஆடு மாடு வாய் வைப்பதில்லை. அவற்றுக்கு யாரும் தண்ணீர் இறைத்து ஊற்ற வேண்டியதும் இல்லை. ஆடு விரும்பித் தின்னும் செம்பருத்தியை இதே இடத்தில் நட்டிருந்தால் ஒரு மாதம் தாங்காது. ஆகையால் அதை மக்கள் கொல்லைக்குள் பத்திரமாக வைத்தார்கள். மெக்ஸிகோவிலிருந்து வந்த மஞ்சள் அரளி சிவபூஜைக்கு உரிய புஷ்பமாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அதன் பொன்னிறம் ஒரு காரணம் என்றால், மழை பொய்த்த ஆண்டிலும் விடியற்காலையில் பூ தவறாமல் கிடைத்தது மற்றொரு காரணமாக இருக்க வேண்டும்.

நித்தியகல்யாணிக்கு அந்தக் கௌரவம் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை. பல ஊர்களில் அது சுடுகாட்டு மல்லி என்றே வழங்கப்பட்டு, தலையில் சூடத் தகாத பூவாக ஒதுக்கப்பட்டது. அத்தகைய செடியின் சரித்திரத்தில் நிகழ்ந்த திருப்பம் வியக்கத்தக்கது. 1952-இல், ஜமேக்கா தீவில் நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடிக்கப்படும் இலை என்று சொல்லி, அதன் இலைகள் அடங்கிய ஓர் உறை கனடா தேசத்து வைத்தியர் ஒருவருக்கு வந்தது. அவர் அதைத் தம் சகோதரரும் ஆராய்ச்சியாளருமான ராபர்ட் நோபிலிடம் கொடுத்தார். எலிகளிடம் அந்தச் சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களையே குறைத்தது. நோபிலும் சார்லஸ் பீயரும் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்ததும், பின்னர் வின்கிரிஸ்டின் என்ற மற்றொன்று கண்டறியப்பட்டுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்தானதும் இதன் தொடர்ச்சி. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்பட்டபடியால், நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே விதைத்து, இலையும் வேருமாகக் கப்பலேற்றினார்கள்.

வேலியின் மூலையில் தூணைப் பற்றி ஏறியிருக்கும் காகிதப்பூவின் கதை இவற்றினும் பிந்தியது. 1766 முதல் 1769 வரையில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகென்வில்லின் பரிவாரத்தில் பிலிபேர் கொம்மெர்சோன் என்ற தாவர சாஸ்திரி இருந்தார். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் ஜான் பாரே என்ற பெண்மணி உடன் சென்றார். உலகைக் கடல்வழியே சுற்றிவந்த முதற் பெண்மணியாக அறியப்படுகிறவர் அவரே. 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் கண்ட இந்தக் கொடி கப்பல் தலைவரின் பெயரைப் பெற்றது. கொடிகளைச் சுமந்து திரிந்த அந்தப் பெண்மணியின் பெயரையும் நினைவுகூர்தல் நியாயம் என்று கருதுகிறேன். கைக்கெட்டும் கிளை ஒன்றை இழுத்து நோக்கினால், நாம் பூவென்று வியக்கும் ஊதா இதழ்கள் மூன்றும் நரம்போடிய இலைகளே என்பதும், அவற்றின் நடுவில் சிறு குழல்போல நிற்கும் வெண்ணிற மலர்களே உண்மையான பூக்கள் என்பதும் புலப்படும். தண்ணீர் குறையக் குறைய இது அதிகமாகப் பூக்கும். முள் இருப்பதால் ஆடும் நெருங்காது. பூஜைக்கும் கூந்தலுக்கும் உதவாவிட்டாலும் இது வேலியில் இடம் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

காகிதப்பூவும் குரோட்டன்ஸும் அல்லமாண்டாவும் சாதாரணக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்ததில் சென்னையின் பெரிய தோட்ட வீடுகளுக்குப் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்திலும் எழும்பூரிலும் அகன்ற வளவுகளுக்கு நடுவே வெள்ளைக்காரர்கள் மாளிகை கட்டிக்கொண்டு வசித்த காலத்தில், தூரதேசத்துச் செடிகளைத் தருவித்து வளர்ப்பது அவர்களுக்குப் பெருமை தரும் பொழுதுபோக்காக இருந்தது. 1835-இல் சென்னையில் அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொஸைட்டி ஸ்தாபிக்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் இருந்த அதன் தோட்டத்தில் செடி வாங்காத பழைய சென்னைக் குடும்பங்கள் குறைவு. ஆனால் மாளிகையின் செடி கிராமத்துக்குப் போன வழி, ரசீது போட்ட வழியாக மாத்திரம் இருந்திருக்க முடியாது. கவாத்துச் செய்து கழித்த கிளைகளைத் தோட்டக்காரர்கள் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார்கள். அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்கும் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் புக்ககத்துக்குமாக ஈரத்துணியில் சுற்றிய போத்துகள் பிரயாணம் செய்திருக்கும்.

திண்ணையைத் தாண்டி உள்ளே வந்தால், இந்த மண்ணின் பழங்குடிகள் நிற்கின்றன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 மலர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. அவற்றுள் முல்லை, தும்பை, நந்தியாவட்டம், நீலமும் வெள்ளையுமாகப் பூக்கும் சங்குப்பூ ஆகியவற்றை இன்றும் ஒரு வீட்டு எல்லைக்குள் காணலாம். ஆநிரை கவரச் சென்ற வீரர்கள் சூடிய வெட்சி, இன்று இட்டிலிப்பூவாகி, படியோரத்தில் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கிறது. அதன் மெல்லிய குழலிலிருந்து நடுநரம்பைப் பக்குவமாக உருவினால் நுனியில் ஒரு சொட்டுத் தேன் தொற்றிக்கொண்டு வரும். அதை நாக்கில் வைத்துச் சுவைக்காத குழந்தை இந்நாட்டில் அபூர்வம்.

இளவேனிலின் சிறப்பு முழுவதையும் காண வேண்டுமானால் கிணற்றடிக்கே செல்லவேண்டும். குண்டுமல்லிச் செடியைக் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுவது பழைய முறை; கழித்துவிட்ட அந்தக் குச்சிகளில் மாசி வெயில் பட்டவுடன் துளிர் வெடித்து, பங்குனியில் ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மும்மூன்றாக மொட்டுகள் திரள்கின்றன. வெயில் ஏறுமுன் மொட்டாகவே பறித்துவிட வேண்டும். மாலையில் அது கூந்தலில் விரிய வேண்டும் என்பது கணக்கு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உலகம் அறிந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் மல்லிகைப் பதியன்களை உற்பத்தி செய்து ஊர் ஊராக அனுப்பும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலம் இருப்பதைப் பலர் அறியார்.

துவைக்கிற கல்லிலிருந்து வழியும் நீர் வாழைக்குப் போகும் வாய்க்காலின் இரு கரையிலும் கனகாம்பரம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்தச் செடி வாசனையின் சுவடே அற்றது. எனினும் பறித்து இரண்டு மூன்று நாளானாலும் வாடாத ஒரே குணத்தினால், மல்லிகையோடும் மரிக்கொழுந்தோடும் சேர்த்து வாழைநாரில் தொடுக்கும் கதம்பத்தில் அதற்கு நிரந்தர ஸ்தானம் கிடைத்தது. பக்கத்திலேயே மெக்ஸிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் உலகம் சுற்றப் புறப்பட்ட நிலச்சம்பங்கி. கல்யாண மாலையிலும் கோயில் மாலையிலும் அது இல்லாத நாள் இன்று உண்டா? அமெரிக்கக் கரையை ஐரோப்பியர் அடைந்த 1492-ஆம் ஆண்டுக்கு முன்பு, நம் தேசத்துத் தெய்வம் எதற்கும் இந்தப் பூவைச் சார்த்தியிருக்க இயலாது என்பதை நினைக்கும்போது, ஆசாரம் என்று நாம் அநாதியாகக் கருதுவது எத்துணைத் தாராளத்தோடு புதியதை ஏற்றிருக்கிறது என்று உள்ளம் நெகிழ்கிறது.

இத்தகைய விருந்தாளிகள் எவ்வளவு விரைவில் குடும்பத்தினராயினர் என்பதற்கு ஓர் உறுதியான சான்று நம் அண்டைநாடான மலையாளக் கரையில் இருக்கிறது. கொச்சியின் டச்சு அதிகாரி ஹென்றிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் அறிவைத் துணையாகக் கொண்டு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிகுஸ் 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. மலையாள நாட்டுத் தாவரங்கள் என்று அதில் வரைந்து காட்டப்பட்டவற்றுள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருப்பது இயல்பு. அவற்றோடு அமெரிக்காவைச் சேர்ந்த அந்திமந்தாரையும் கல்வாழையும் மயிற்கொன்றையும் உள்ளூர்ப் பெயர்களுடன் வீற்றிருக்கின்றன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கி இருநூறு ஆண்டுகூட நிறையாத காலம் அது.

கொல்லைக் கதவருகே நிற்கும் அந்திமந்தாரை மாலை நான்கு மணி அளவில் விரியும். ஒரே செடியில், சிலபோது ஒரே பூவில், மஞ்சளும் சிவப்பும் கலந்து வரும். 1909-இல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் கோரென்ஸ், வெள்ளையும் பச்சையும் விரவிய இலையுடைய அந்திமந்தாரைகளைக் கலந்து வளர்த்துப் பார்த்து, கன்றின் இலை நிறம் தாய்ச்செடியையே பின்பற்றுகிறது, தந்தைச் செடியின் மகரந்தம் அதில் தலையிடுவதில்லை என்று நிலைநாட்டினார். மயிற்கொன்றையின் கதை துயரமானது. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியப் பெண்மணி சூரினாம் காட்டுக்குச் சென்று பூச்சிகளையும் செடிகளையும் தீட்டி 1705-இல் வெளியிட்ட நூலில், தம் குழந்தைகள் அடிமைகளாகப் பிறக்கக் கூடாதென்று அடிமைப் பெண்கள் இந்தச் செடியின் விதையை உண்டு கருவைக் கலைத்ததை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிந்திருக்கிறார். நம் வீடுகளில் அது அழகுக்கு நிற்கிறது. அதன் பின்னணியில் அத்தனை கண்ணீர் உண்டென்று அறிந்தபிறகு அந்தச் செம்மஞ்சள் கொத்தைப் பழைய கண்ணோடு பார்க்க என்னால் இயலவில்லை.

கொல்லைக் கதவைத் திறந்து வெளியேறிய செடியும் ஒன்று உண்டு. உண்ணிச்செடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் அழகுச் செடியாகவே வளர்த்தார்கள்; முதலில் மஞ்சளாக மலர்ந்து நாள் ஏற ஏறச் சிவக்கும் அதன் சிறு பூங்கொத்து எவரையும் மயக்கும். ஆடு மாடு தின்னாது, தண்ணீர் கேட்காது என்ற காரணத்தாலேயே தோட்டங்களில் வேலியாக அமைந்த அது, கரும்பழத்தை விரும்பும் கொண்டைக்குருவியும் மைனாவும் விதையைச் சுமந்துபோக, நீலகிரிச் சாரலுக்குள்ளும் முதுமலைக் காட்டுக்குள்ளும் புகுந்தது. அங்கே மான் தின்னவில்லை, யானையும் தின்னவில்லை. அவை தின்னும் புல் முளைக்க வேண்டிய நிலத்தை அது மூடிக்கொண்டது. வனத்துறையினர் அதை வேரோடு பிடுங்கப் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகின்றனர். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதன் தண்டை வெட்டி, பக்குவப்படுத்தி வளைத்து, உயிருள்ள யானையின் அளவிலேயே யானை உருவங்களைக் கட்டுகிறார்கள்; அந்த யானைகளின் கூட்டம் ஒன்று 2021-இல் லண்டன் நகரப் பூங்காக்களில் காட்சிக்கு நின்றது.