கார்வையும் மின்சாரமும்: யு. ஸ்ரீநிவாஸின் ‘ட்ரீம்’ குறித்து ஒரு மறுவாசிப்பு

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் (1969–2014) இசைவாழ்வை இரண்டாகப் பிரித்து எழுதுவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு பாதி மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களுக்கு: ஆலாபனை, நிரவல், ராகம் தானம் பல்லவி. மறுபாதி ‘ஃப்யூஷன்’ என்ற தலைப்பின் கீழ் போய்விடும்: ஐரோப்பிய ஸ்டூடியோ, ஜாஸ் விழா, மின்னணு ஒலி. இந்தப் பாகப்பிரிவினைக்குத் தவறாமல் அழைக்கப்படும் சாட்சி, கனடாவைச் சேர்ந்த மைக்கேல் புரூக்குடன் ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காக அவர் செய்த ‘ட்ரீம்’ (1995). தயாரிப்பாளர் விரித்த ஒலிப்படலத்துக்குள் கர்நாடகக் கலைஞர் விருந்தாளியாக வந்துபோனார், அங்கே கமகம் வெறும் அலங்காரமாகச் சுருங்கியது என்பது அவர்கள் முடிவு. அதே தொகுப்பை நேர் எதிரான சான்றாக வாசிக்க இடமிருக்கிறது.

வாத்தியத்திலிருந்து தொடங்குவோம். மேலைநாட்டு மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. விறைப்பு அதிகம், மீட்டிய ஒலி சட்டென்று தணிந்துவிடும். நீண்ட ஸ்வரம் வேண்டுமானால் ஒரே ஸ்வரத்தை வேகவேகமாக மீட்டிக்கொண்டே இருப்பது இத்தாலிய வழி. கமகத்துக்கு அது உதவாது. ஜோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறுவதில்லை, ஸ்ருதி பிசகும். ஸ்ரீநிவாஸ் ஜோடியைக் கலைத்து ஒற்றைத் தந்தி ஆக்கினார், ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார், கெட்டி உடல் கொண்ட மின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அதிரும் பலகை இல்லாததால் தந்தியின் ஆற்றல் அவ்வளவு விரைவில் செலவாகாது. மீட்டலுக்குப் பிறகு இடதுகை விரல் மெட்டின் மேல் செய்யும் மெல்லிய அசைவைக்கூடப் பிக்கப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். ஒரு மீட்டலில் தோடியின் காந்தாரத்தை அசைத்து நிறுத்த முடிந்தது இதனால்தான். அவர் கமகத்துக்கு மின்சாரம் அடிப்படைத் தேவை. சபாவின் கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்யும் ஏற்பாடாக மட்டும் அதைப் பார்ப்பது போதாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அவருடைய குருகுலம். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். பாடியே கற்றுக்கொடுத்தார், பையன் அதைத் தந்தியில் எடுத்தான். ஆகவே இது வாய்ப்பாட்டின் நகல், வாத்தியத்தின் மின்தன்மை தற்செயல் என்கிறார்கள். எனக்கு இந்தத் தகவல் வேறொன்றைச் சொல்கிறது. பார்த்து நகலெடுக்க எதிரே ஒரு கை இல்லாதபோது, குரலின் கார்வையை எங்கே, எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு வாத்தியத்தின் பௌதிகத்திலேதான் விடை தேடியாக வேண்டும். இலக்கு வாய்ப்பாடு என்பதில் தகராறில்லை. வழி மின்வழி.

இனி ‘ட்ரீம்’. புரூக்கின் பெயர் நிலைத்தது அவர் உருவாக்கிய ‘இன்ஃபினிட் கிதார்’ மூலம். தந்தியின் ஒலியைப் பிக்கப் வாங்கி, அந்த மின்குறியைக் கொண்டே தந்தியை மறுபடி அதிரவைக்கும் சுற்று அது; விரல் எடுக்கும்வரை ஸ்வரம் அணையாது. அதாவது, மீட்டு வாத்தியத்தில் நாதத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்ற அதே கேள்வியோடுதான் அவரும் வந்தார். ஸ்ரீநிவாஸ் ஒலி தணிவதற்குள் அதை அசைத்து உருமாற்றுகிறார். புரூக் தணிவதையே ஒழிக்கிறார். தொகுப்பை இந்தக் காதோடு கேட்டால் கிதாரின் நீளொலி தம்புராவின் வேலையைச் செய்வதும், அதன்மேல் மாண்டலினின் அணையும் ஒலி கூடுதல் தெளிவோடு வளைவதும் புலப்படும். கமகம் மங்கியதாகச் சொல்வோர் கிருதியைத் தேடிக் கேட்டு ஏமாந்தவர்கள் என்று ஐயுறுகிறேன். அதே நிறுவனம் முந்தைய ஆண்டு அவருடைய மரபான கர்நாடகத் தொகுப்பான ‘ராம ஸ்ரீராம’வை வெளியிட்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கை ஒன்றே என்பது தெரியும்.

‘ட்ரீம்’ உலக இசைச் சந்தையின் சரக்கு என்ற ஆட்சேபம் உண்டு. சந்தைக்கு வராத ஒலிநாடா எது? மின்னணுக் கருவி கச்சேரிக்கு அந்நியம் என்பவர்கள் மேடையில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கும் எலக்ட்ரானிக் தம்புராவைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

நார்வேயின் டிரம்பட் கலைஞர் நில்ஸ் பெட்டர் மோல்வேரோடு ஒப்பிட்டால், ஸ்ரீநிவாஸின் கை ஒன்றே என்பது இன்னும் தெளிவாகும். ‘மாஸ்குவலேரோ’ ஜாஸ் குழுவில் வாசித்த அவர் ‘க்மேர்’ (1997) தொகுப்பில் மின்னணுத் தாளங்களுக்குள் நுழைந்தார். அங்கே திருப்பம் உண்டு. முன், பின் என்று பிரித்து எழுதலாம். ஸ்ரீநிவாஸிடம் அப்படியொரு திருப்பத்தை நான் காணவில்லை. 1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் வாசித்த சிறுவனை 1983இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழா கேட்டது. ‘ட்ரீம்’ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் வருகிறது. மின்னணு டிரம்பட்டுக்கு முன்னோடியான ஜான் ஹாசல், கிரானா மரபின் பண்டிட் பிரான் நாத்திடம் ராகம் பயின்றவர் என்பதும் இங்கே மறக்கத்தக்கதல்ல. ஹாசலின் ‘பவர் ஸ்பாட்’ (1986) தொகுப்பில் கிதார் வாசித்தவர் இதே புரூக். ராகத்தை ஏற்கெனவே சுற்றுவழியில் கேட்டறிந்த மின்னணு மரபுதான் ஸ்ரீநிவாஸைச் சந்தித்தது. யார் யாருக்கு விருந்தாளி என்பதை அவ்வளவு எளிதில் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு சான்று. 1970களின் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கரின் வயலினுக்கு இணையாக அக்குஸ்டிக் கிதார் வாசித்தார். அதன் பிற்கால வடிவமான ‘ரிமெம்பர் சக்தி’யில் வயலின் இருந்த இடத்துக்கு ஸ்ரீநிவாஸ் வந்தபோது மெக்லாக்லின் கையில் இருந்தது மின்கிதார். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கர்நாடகப் பக்கம் மரம், ஜாஸ் பக்கம் மின்சாரம் என்ற வழக்கமான கணக்கு அந்த மேடையில் செல்லாது.

ஸ்ரீநிவாஸின் ஆலாபனையை ஸ்வரக் குறிப்பில் எழுதும்போது ஆம்ப்ளிஃபயரை நாம் மைக்காரரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். ஒரு மீட்டலுக்கு எத்தனை அசைவு, ஒலி எவ்வளவு நேரம் நின்றது, எந்தத் தந்தியில் என்பவற்றையும் குறித்துக்கொண்டு சபாப் பதிவுகளை ‘ட்ரீமு’க்குப் பக்கத்தில் வைத்து அளக்கும் வேலை மிச்சமிருக்கிறது. அதைச் செய்யாமல் அவரை இரண்டாகப் பிரிப்பதற்கு ஆதாரமில்லை.