வார்ப்புச் சுவரும் ஏழையின் வீடும்

சுவர் என்பது நிற்கும் இடத்திலேயே எழுப்பப்படுவது என்பதே நெடுங்கால வழக்கம். அவ்வழக்கை மாற்றி, சிமிண்டுச் சுவரைத் தொழிற்சாலையிலே பலகைபோல் வார்த்து, வண்டியிலேற்றிக் கொணர்ந்து, பாரந்தூக்கியால் நிறுத்தும் முறை 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1905ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரப் பொறியியலாளர் ஜான் பிராடி என்பார், எல்டன் தெருவில் தொழிலாளர்க்கென இவ்விதம் மாடி வீடுகள் அமைத்தார். குறைந்த செலவில் ஏழைக்கும் நல்ல வீடு என்பதே நோக்கம். அந்நோக்கத்தை நாம் போற்றுகிறோம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தை வீட்டுப் பஞ்சம் வாட்டியது. விரைவே பெரிதெனக் கருதப்பட்டது. டென்மார்க்கு நாட்டின் லார்சன்–நீல்சன் முறை வரவழைக்கப்பட்டது. இதில் தூண்களும் உத்தரங்களும் இல்லை, சுவரே தூண். கீழ்ச்சுவரின்மேல் தளப்பலகை, அதன்மேல் மறுசுவர் என அடுக்கி, மூட்டுவாய்களைச் சாந்தினால் நிரப்புவர். கட்டடத்தின் உயிர் அம்மூட்டுகளிலேயே தங்கியிருந்தது.

கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடம் இம்முறையில் எழுந்தது. 1968 மார்ச்சில் மக்கள் குடிபுகலாயினர். மே 16 விடியற்காலை, 18ஆம் மாடியின் மூலை வீட்டில் ஒரு மாது தேநீர் காய்ச்சத் தீக்குச்சி கிழித்தார். அடுப்பிணைப்பின் பித்தளை மரையிலிருந்த குறையால் கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. பாரந்தாங்கும் சுவர் வெளியே தள்ளுண்டது. தாங்குவாரற்ற மேல்மாடிகள் விழுந்தன. அப்பாரத்தால் கீழ்மாடிகளும் தரைமட்டும் சரிந்தன. நால்வர் மாண்டனர், 17 பேர் காயமுற்றனர். அம்மாதோ உயிர் பிழைத்தார்.

பழியைத் தீக்குச்சியின்மேல் ஏற்றி வாளாவிருந்திருக்கலாம். ஆனால் ஹியூ கிரிஃபித்ஸ் தலைமையில் அமைந்த விசாரணை வேறு வினாவை எழுப்பியது: ஓர் அறையில் நேர்ந்த வெடிப்பு ஒரு மூலை முழுவதையும் வீழ்த்தியது ஏன்? ஒரு சுவர் போயின் அதன் சுமையை ஏற்க வேறு வழி வைக்கப்படவில்லை என்பதே விடை. 1970இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்து மாடியும் அதற்கு மேற்பட்டதுமான கட்டடத்தில் ஓர் உறுப்புக் கெடினும் அழிவு பரவலாகாது என்பது விதியாயிற்று.

ரோனன் பாயிண்ட் வலுப்படுத்தப்பட்டு மீண்டும் குடியேற்றப்பட்டது. 1986இல் அதனை மாடிமாடியாகப் பிரித்தபோதுதான் முழு உண்மையும் வெளிப்பட்டது. சாந்து நிறையவேண்டிய மூட்டுகள் பல வெறுமையாய்க் கிடந்தன. பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்ட இடமும் இருந்தது. சுவரை வார்த்த கலையிற் குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாதென்று மூட்டைப் புறக்கணித்த மனத்திலேதான் குற்றம்.

இஃது அயலார் கதையன்று. கோலாலம்பூரில் 1960களில் எழுந்து, பின்னர் இடிக்கப்பட்ட பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் அதே டேனிஷ் முறையின. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் 1980கள் தொட்டு வார்ப்புறுப்புகளைப் பெருமளவிற் கையாண்டு வருகிறது. தோட்டத்து லயங்களை விட்டு மாடி வீடேறிய நம்மவர் பலர். கிடைத்ததே போதுமென்று ஏழை நன்றியோடு வாய்மூடியிருத்தல் வேண்டும் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். மலிவு என்பது செலவிலே இருக்கலாம். உயிரின் மதிப்பிலே இருத்தலாகாது. சுவரின் வெள்ளையைக் கண்டு மகிழ்வதோடு, அதன் மூட்டைச் சோதித்தவர் யாரென்று கேட்கும் உரிமையும் குடியிருப்போர்க்கு உண்டு.