ஒரே ஒரு நட்டு

1957 ஆகஸ்ட் 4. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். மலையும் காடுமாக வளைந்து வளைந்து போகும் பந்தயப் பாதை. ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் 22 சுற்று. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அர்ஜென்டினாக்காரர் ஃபான்ஜியோ. வயது 46. கார், மசராட்டி.

மனுஷன் ஒரு கணக்கு போட்டிருந்தார். அரை டாங்க் பெட்ரோலோடு கிளம்பினால் கார் லேசாக இருக்கும், விரட்டி ஓட்டலாம். பாதியில் நிறுத்தி பெட்ரோல் ஊற்றி, பின் டயர்களை மாற்றிக்கொண்டு மறுபடி ஓடலாம். துரத்தி வந்த ஃபெராரிக்காரர்கள் ஹாதர்னும் காலின்ஸும் நிற்காமலே ஓட்டி முடிக்கிற திட்டத்தில் இருந்தார்கள். ஃபான்ஜியோ சொன்னபடி கிட்டத்தட்ட அரை நிமிடம் முன்னணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். எல்லாம் கணக்குப்படி. அப்போது ஒரு மெக்கானிக்கின் கையிலிருந்து சக்கரத்தின் நட்டு நழுவி, உருண்டு, காருக்கு அடியில் போய்விட்டது!

தேடினார்கள். குனிந்து, படுத்துத் தேடினார்கள். சம்பாதித்து வைத்திருந்த அரை நிமிடம் அதிலேயே போச்சு. ஃபான்ஜியோ வெளியே வந்தபோது மூன்றாவது இடம். ஃபெராரிகள் முக்கால் நிமிடத்துக்கு மேல் முன்னால்! அதற்கப்புறம் அவர் ஓட்டியதைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்து, கடைசிக்கு முந்தின சுற்றில் இரண்டு பேரையும் தாண்டி, மூன்றரை செகண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்தாவது உலக சாம்பியன் பட்டமும் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எனக்கு அந்த நட்டின் மேல்தான் கண். ஒரு நட்டு காணாமல் போனதற்கா இவ்வளவு ரகளை? மீதி நட்டுகளைப் போட்டு முடுக்கி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் காரில் சக்கரத்துக்கு நாலோ ஐந்தோ இருக்கும். அந்தக் காரில் ஒரு சக்கரத்துக்கு ஒன்றே ஒன்றுதான். நட்டநடுவில். 'சென்டர் லாக்' என்பார்கள்.

நம் மாட்டு வண்டிக்காரருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. அச்சின் நுனியில் ஒரே ஒரு கடையாணி. அதைப் பிடுங்கினால் சக்கரம் கையோடு வந்துவிடும். மோட்டார் கார் வந்த புதிதில்தான் இந்த வசதி தொலைந்துபோனது. சக்கரம் காரோடு காராக நிலையாக இருக்கும். டயர் பஞ்சர் ஆனால் அப்படியே வைத்துக்கொண்டு டயரை நெம்பிக் கழற்றி, ட்யூப் மாற்றி, காற்றடித்து... அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வேல்ஸில் லானெத்லி என்ற ஊரில் 1904-ல் இதற்கு ஒரு வழி பண்ணினார்கள். காற்றடித்த டயரோடு தனியாக ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேல் அதைக் கவ்வ வைத்து வீடு போய்ச் சேரலாம். அதைச் செய்த கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. ஆமாம், டிக்கியில் கிடக்கிறதே, அதே ஸ்டெப்னிதான்!

வீடு போய்ச் சேர இது போதும். பந்தயத்துக்குப் போதாது. 1906-ல் பிரான்ஸின் லெ மான் ஊரில் முதல் கிராண்ட் ப்ரி நடந்தது. இரண்டு நாள், 1,200 கிலோமீட்டருக்கு மேல். வெயிலில் தார் உருகியது, டயர்கள் வரிசையாக வெடித்தன. ஓட்டுநரும் கூட வரும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் காரைத் தொடக்கூடாது என்பது விதி. டயரைக் கத்தியால் கிழித்து எடுத்து புதிது மாட்ட கால் மணி நேரம் ஆனது. ரெனோ காரில் வந்த ஷிஸ் என்கிற ஹங்கேரிக்காரரிடம் ஒரு தந்திரம் இருந்தது. பின் சக்கரங்களில் மிஷ்லின் கம்பெனி கொடுத்த கழற்றி மாட்டும் விளிம்பு. எட்டு நட்டைக் கழற்றினால் விளிம்பு டயரோடு வந்துவிடும். நாலு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்!

எட்டு நட்டு எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டவர் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் இருந்தார். பெயர் ஜான் பியூ. ரட்ஜ்-விட்வொர்த் என்ற சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்தவர். கம்பிச் சக்கரம் என்பது சைக்கிள்காரர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அவர் யோசனை இதுதான். அச்சு நுனியில் இருக்கும் ஹப்பின் மேல் வரிவரியாகப் பற்கள். சக்கரத்தின் உள் துளையிலும் அதே மாதிரி பற்கள். செருகினால் பல்லோடு பல் பொருந்திக்கொள்ளும். சுழற்றும் விசையையும் பிரேக் விசையையும் பற்களே தாங்கும். சக்கரம் வெளியே வராமல் அழுத்திப் பிடிக்கத்தான் நடுவில் ஒற்றை நட்டு.

1908 கிராண்ட் ப்ரிக்கு இந்தச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வர நேப்பியர் கம்பெனி தயாரானது. பிரெஞ்சுக்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். விளிம்பைக் கழற்றலாம், முழுச் சக்கரத்தைக் கழற்றக்கூடாதாம்! என்ன நியாயமோ. உங்கள் ரேஸே வேண்டாம் என்று நேப்பியர் விலகிக்கொண்டது. ஆனால் நல்ல யோசனையை எத்தனை நாள் வாசலில் நிற்க வைக்க முடியும்? கொஞ்ச வருடத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவி, மிலானில் போரானி என்பவர் லைசென்ஸ் வாங்கிச் செய்யுமளவுக்குப் போனது.

எல்லாம் சரி, ஒரே நட்டு ஓடும்போது தானாகக் கழன்றால்? கதை கந்தல்தானே! இதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். வீட்டில் ஒரு வளையல் இருந்தால் எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றுங்கள். வளையல் விரலைச் சுற்றி வருகிறது. கூடவே அதே திசையில் தானும் மெதுவாகத் திரும்புகிறது. ஒரு பொட்டு வைத்துப் பார்த்தால் தெரியும். கம்பிச் சக்கர நட்டும் சக்கரத்தின் சரிவான மூக்கை வளையல் மாதிரிதான் கவ்விக்கொண்டிருக்கிறது. கார் ஓடும்போது பாரம் சுற்றிச் சுற்றி இடம் மாற, நட்டு மயிரிழை மயிரிழையாக நகரப் பார்க்கும். நகர்ந்து தொலையட்டும், ஆனால் இறுகுகிற பக்கமாக நகரட்டும் என்று மரையின் திசையை அமைத்துவிட்டார்கள். காரின் இடப்பக்கத்தில் வழக்கமான மரை, வலப்பக்கத்தில் தலைகீழ் மரை. ஓட ஓட இறுகும்! பக்கம் மாற்றி ஹப்பைப் பூட்டினால், ஓட ஓடக் கழலும். உங்கள் சைக்கிளின் இடது பெடலும் தலைகீழ் மரைதான். சொந்தக்காரத் தந்திரம்.

நட்டுக்கு இரண்டு, மூன்று காதுகள் வைத்தார்கள். ஸ்பானர் வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கு, சுத்தியலால் காதில் நாலு போடு, நட்டு கழலும், சக்கரத்தை இழு, வந்துவிடும். எம்.ஜி., ஜாகுவார் வைத்திருந்தவர்கள் செம்பு அல்லது ஈயச் சுத்தியலைக் காரிலேயே வைத்திருப்பார்கள். இரும்பால் அடித்தால் காது நசுங்கும். மாட்டும்போது பற்களைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையால் முடிந்தவரை திருகி, அப்புறம்தான் அடி. கொஞ்ச தூரம் ஓட்டியபின் நிறுத்தி இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பது ஒழுங்கான ஆளின் வழக்கம். கிரீஸ் காய்ந்து பற்கள் தேய்ந்து கத்தி முனை மாதிரி ஆகிவிட்டால் எந்த நட்டாலும் காப்பாற்ற முடியாது. பிரேக் போட்டால் ஹப் நிற்கும், சக்கரம் நிற்காது.

பென்ஹர் படத்தில் ரதச் சக்கரத்தில் கத்தி சுழன்றதே, ஞாபகமிருக்கிறதா? தெருவில் போகிற காரில் சுழலும் காதும் கிட்டத்தட்ட அதுதான் என்று அமெரிக்க அரசுக்குப் பட்டது. பாதசாரியின் காலைப் பதம் பார்க்குமே! 1968 ஜனவரி 1 முதல் காது வைத்த நட்டுக்குத் தடை. எட்டுப் பட்டை நட்டு வந்தது. சுத்தியல் போய் ஸ்பானர் வந்தது. அழகும் கொஞ்சம் போனது என்பது என் அபிப்பிராயம்.

பந்தயத்தில் ஒற்றை நட்டு போகவே இல்லை. 1987-ல் ஹங்கேரியில் நைஜல் மான்செல் முதலிடத்தில் போகிறார். இன்னும் ஆறே சுற்று. பின்பக்க வலது சக்கரத்து நட்டு கழன்று எங்கேயோ தெறித்துவிட்டது. அவ்ளோதான். ஓரமாக நிறுத்தினார். அதே அணியின் நெல்சன் பிக்கே கோப்பையை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு ரோட்டில் ஓடும் போர்ஷ 911 ஜிடி3-யிலும் இந்த நட்டு இருக்கிறது. 2009 முதல் மாட்டுகிறார்கள். அதை முடுக்க 600 நியூட்டன் மீட்டர் விசை வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாளாகச் செய்வது கஷ்டம். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் முடுக்க வேண்டும். முழு விசைக்கு முடுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி முழு விசைக்கு. கடைசியில் நடுவிலிருக்கும் பூட்டு முள் வெளியே துள்ளி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். நிற்காவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது.

ஃபார்முலா 1-ல் இந்த நிதானத்துக்கெல்லாம் நேரம் ஏது? காற்றுத் துப்பாக்கி 'விர்ர்' என்கிறது, முடிந்தது. 2023-ல் கத்தாரில் மெக்லாரன் ஆட்கள் நாலு சக்கரத்தையும் மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் 1.80 செகண்ட்! கண் சிமிட்டுவதற்குள் என்பது அங்கே வெறும் பேச்சில்லை.

ஆனால் நட்டு நினைத்தால்? 2021 மே 23, மொனாக்கோ. மெர்சிடிஸ் காரில் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த வால்ட்டரி போட்டாஸ் டயர் மாற்ற உள்ளே வந்தார். முன்பக்க வலது சக்கரத்தில் துப்பாக்கி துளி சாய்வாக உட்கார்ந்தது. அந்த வேகத்தில் நட்டின் விளிம்புகளை அதுவே சீவித் தள்ளிவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ஸ்க்ரூ தலை மழுங்குமே, அந்த மாதிரி. அப்புறம் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. மூன்று சக்கரம் மாற்றியாயிற்று, நாலாவது அசையவில்லை. போட்டாஸ் காரைவிட்டு இறங்கிவிட்டார்.

காரை அப்படியே இங்கிலாந்தில் பிராக்லி தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். சக்கரம் அங்கேதான் கழன்றது, செவ்வாய்க்கிழமை. டயர் மாற்றிய நேரம் 43 மணி 15 நிமிடம் என்று மெர்சிடிஸே கிண்டலாக அறிவித்தது.