இடைவிட்ட பயிற்சியும் நடுவயதினர் இருதயமும்

முழு ஆற்றலோடு சிறிது நேரம் ஓடி, பின் தளர நடந்து, மீண்டும் ஓடும் பயிற்சி இன்று வைத்தியரால் விதந்து பேசப்படுவதாயினும், அது பிறந்தது ஓட்டக்களத்திலேயாம். 1930ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் பயிற்சியாளர் கேர்ஷ்லரும் இருதய நிபுணர் றைன்டெலும் இதனை நெறிப்படுத்தினர். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை உயர ஓடி, அது 120 ஆகத் தணிந்ததும் மறுபடி ஓடவேண்டும் என்பது அவர்தம் விதி. இருதயம் வலுப்பெறுவது ஓடும்போதன்று, ஓய்கின்ற இடைவேளையிலேயே என அவர்கள் கருதினர். பயிற்சி தன் பெயரை இடைவேளையினின்றும் பெற்றமை பொருத்தமே. கேர்ஷ்லரின் மாணவர் ஹாபிக் 1939இல் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடினார். 1955 வரை அச்சாதனையை எவரும் முறியடித்திலர். அவரோ 1944இல் போர்முனையில் மாண்டார்.

வீரர்க்குரிய இம்முறை பொதுமக்களின் இருதயத்தைப் பற்றிய வினாவோடு சேர நெடுங்காலம் சென்றது. 1953இல் மொறிஸ் என்னும் வைத்தியரும் குழுவினரும் இலண்டன் பஸ் ஊழியரை ஆராய்ந்து, இரட்டைத்தட்டு வண்டிகளில் நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துனரிலும், அமர்ந்தே தொழில் செய்த சாரதிகளையே முடியுருநாடி நோய் மிகுதியாகப் பற்றியதெனக் காட்டினர். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். முப்பது ஆண்டுகளின் பின் அவ்வைவரையே மீளச் சோதித்தபோது, உடலின் உழைக்கும் ஆற்றலை முப்பதாண்டு மூப்புக் குறைத்ததிலும் அம்மூன்று வாரப் படுக்கையே மிகுதியாகக் குறைத்திருந்தமை புலனாயிற்று. சோம்பலின் கொடுமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே நகரில் லெவின் என்பார் தலைமையில் நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. 45 முதல் 64 வயது வரையினரான, நோயற்றோராயினும் உடலுழைப்பற்ற 53 பேர் ஈராண்டும் அதில் நிலைத்து நின்றனர். ஒரு சாரார் யோகம் முதலிய மென்பயிற்சிகளைச் செய்தனர். மற்றைச் சாராரின் பயிற்சியில், நாடித்துடிப்பு உச்ச அளவின் 95 சதவீதத்தை எட்ட நான்கு நிமிடம் உழைத்து, மூன்று நிமிடம் தணிந்து, இங்ஙனம் நான்கு முறை செய்தலும் அடங்கிற்று. இவர்கள் உட்கொள்ளும் ஒட்சிசனின் உச்ச அளவு 18 சதவீதம் உயர்ந்தது. விறைத்திருந்த இடது இதயவறை நெகிழ்ந்தது. மென்பயிற்சியாளரிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. இது முழுவதையும் இடைவிட்ட பயிற்சி ஒன்றன்மேலேற்றுவார் கூற்று ஏற்புடைத்தன்று. நீண்ட மெதுவான பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் உடன் சேர்ந்திருந்தன. கடுமையும் பல மாதங்களிற் படிப்படியாகவே கூட்டப்பட்டது.

நடுவயதினரைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரை ஓராண்டு பயிற்றிய முந்திய ஆய்வொன்றில், அவர்தம் உழைக்கும் ஆற்றல் உயர்ந்தும், இருதயத்தின் விறைப்புத் தளரவில்லை.