பொக்லைன் இயந்திரத்தின் வளர்ச்சி: எண்ணெய் அழுத்தத்தின் வழியே ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பொக்லைன் இயந்திரத்தின் வளர்ச்சியை எடையையும் பக்கெட்டின் கொள்ளளவையும் கொண்டு அளப்பது எளிது. ஆனால் அந்த அளவுகோல் போதாது. எண்ணெயை எவ்வளவு அழுத்தத்தில் அடக்க முடிந்தது, ஒரே என்ஜினின் திறனை எத்தனை அசைவுகளுக்குப் பங்கிட முடிந்தது ஆகிய இரண்டுமே அதன் வரலாற்றைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. வடத்தின் எல்லை

அமெரிக்காவின் வில்லியம் ஓட்டிஸ் 1839இல் நீராவி மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நெடுங்காலம் மண்வாரிகளைச் சங்கிலியும் இரும்பு வடமுமே இயக்கின. வடத்தால் இழுக்கலாம், தள்ள முடியாது. பள்ளம் தோண்டும்போது பக்கெட் தன் எடையால்தான் மண்ணில் இறங்க வேண்டும். இறுகிய தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும். 1882இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் ஹல் துறைமுகப் பணிக்காக நீரழுத்தத்தால் இயங்கும் மண்வாரியை உருவாக்கியது. அதிலும் பக்கெட்டை அசைத்தது வடமே.

3. அழுத்தம்

பிரான்சின் பொக்லைன் நிறுவனம் 1951இல் தன் முதல் ஹைட்ராலிக் மண்வாரியையும், ஜெர்மனியின் டெமாக் 1954இல் முழுவட்டம் சுழலும் பி504ஐயும் கொண்டுவந்தன. முந்தையதன் பெயரே தமிழ்நாட்டில் இயந்திரத்தின் பொதுப்பெயராகிவிட்டது. சிலிண்டர் இழுக்கவும் செய்தது, தள்ளவும் செய்தது. பக்கெட்டை மணிக்கட்டுபோல மடக்க முடிந்தது அதனால்தான்.

இன்றைய இயந்திரங்களில் அழுத்தம் சுமார் 350 பார். 12 செ.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 40 டன் விசையால் தள்ளும். அதே விசையை 50 பாரில் பெற, விட்டம் 31 செ.மீ.க்கு மேல் வேண்டும்; அத்தகைய சிலிண்டரை ஆர்ம் எனப்படும் தோண்டும் கையின்மேல் சுமக்கவைப்பது வீண். உயர் அழுத்த எண்ணெயைச் சிலிண்டருக்குள் அடக்குவது சீல்; ஆகவே வளர்ச்சியின் பெரும்பங்கு அதற்கு உரியது. சிலிண்டரின் குரோம் பூசிய ராடு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அதில் ஒட்டிய மண்ணை வைப்பர் வளையம் வழித்துவிடுகிறது. அந்த வளையம் தேய்ந்தால் மணல் புகுந்து ராடில் கீறல் விழும், கீறல் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். கைவிரல் தடிமன்கூட இல்லாத இந்த வளையத்தைப் பொறியியல் வரலாறுகள் உரிய இடத்தில் வைத்துப் பேச வேண்டும்.

4. பங்கீடு

எண்ணெய் எதிர்ப்பு குறைந்த பக்கமே ஓடும். ஒற்றைப் பம்ப் இருந்தால், பூம் எனப்படும் முதன்மைக் கையைத் தூக்கியபடியே சுழல முயலும்போது ஓர் அசைவு மற்றதன் எண்ணெயைப் பறித்துக்கொள்ளும். 1965இல் ஹிட்டாச்சியின் யுஎச்03 இரு பம்ப்களையும் இரு வால்வுகளையும் கொண்டு வந்தது. பின்னர் பரவலான மாறுகொள்ளளவுப் பம்ப், சுமை கூடினால் ஓட்டத்தைக் குறைத்து, என்ஜின் திணறி நின்றுவிடாமல் காக்கிறது.

5. மீட்பு

அழுத்தமும் பங்கீடும் கைவந்தபின் எஞ்சியது வீணாகும் ஆற்றல். சுழலும் மேற்பகுதியை நிறுத்தும்போது அதன் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகிப் போய்க்கொண்டிருந்தது. கொமாட்சு 2008இல் வெளியிட்ட ஹைபிரிட் இயந்திரம் அதை மின்சாரமாக்கிக் கெபாசிட்டரில் சேமித்தது. பூம் இறங்கும்போது வீணாகும் ஆற்றலை மீட்பது இதைவிடப் பலன் தரக்கூடியது. ஏனெனில் லாரியில் மண் கொட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பூம், ஆர்ம், பக்கெட் ஆகியவற்றின் எடை முழுவதும் ஏறி இறங்குகிறது.