தனித்திருக்கையில் மாரடைப்பு: மன்னார்

இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடி ஒன்றில் இரத்தக் கட்டி அடைத்து, அந்த நாடியை நம்பியிருக்கும் தசை சாகத் தொடங்குவதே மாரடைப்பு. அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் பேசுவார், நடப்பார். துடிப்பே நின்று மயங்கி விழுவது வேறு நிலை. மாரடைப்பின் முதல் மணித்தியாலத்தில் அது நேரும் ஆபத்து கூட. விழுந்தபின் நெஞ்சை அமுக்க இன்னொருவர் வேண்டும். எனவே தனியே இருப்பவர் செய்யக்கூடியதெல்லாம் நினைவு இருக்கும் நேரத்துக்குள்தான். அதில் முதல் வேலை, ஆளைக் கூப்பிடுவது.

நடு நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, ஓங்காளம் ஆகியவை வழமையான அறிகுறிகள். நீரிழிவுக்காரரிலும் முதியவரிலும் பெண்களிலும் நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சு வாங்குதலும் காரணமில்லாத களைப்பும் மட்டும் வரலாம். மன்னாரில் இது பெரும்பாலும் ‘காஸ்’ என்ற பெயரில் கழிகிறது. இஞ்சிப் பிளேன்ரி ஒன்று, பனடோல் இரண்டு, பிறகு ஒரு படுக்கை. அதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விடும். பனடோல் இரத்தக் கட்டியை ஒன்றும் செய்யாது.

அழைக்க வேண்டிய எண் 1990. ‘சுவசெரிய’ என்ற இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. ‘நெஞ்சு நோகுது, வேர்க்குது, தனிய இருக்கிறன்’ என்பதை முதலில் சொல்லி, அடுத்து இடத்தைச் சொல்ல வேண்டும். வீட்டு இலக்கத்தைவிடக் கோயில், பள்ளிவாசல், பள்ளிமுனைப் பெருக்கமரம் போன்ற அடையாளம் சாரதிக்கு உதவும். அடுத்த அழைப்பு அயல்வீட்டுக்கு. படலையையும் வாசல் கதவையும் திறந்துவிட்டு, வெளி லைற்றைப் போட்டுக்கொள்வது நல்லது. உள்ளே தாழ்ப்பாள் போட்ட வீட்டில் மயங்கிக் கிடப்பவரிடம் அம்புலன்ஸ் வந்தும் பயனில்லை.

பிறகு அஸ்பிரின். 300 மில்லிகிராம் அளவை விழுங்காமல் சப்பித் தின்ன வேண்டும்; சப்பினால் விரைவாக இரத்தத்தில் கலக்கும். கிளினிக்கில் கொடுக்கும் 75 மில்லிகிராம் சிறு குளிசை என்றால் நான்கு. அஸ்பிரின் ஒவ்வாதவரும் இரத்தக் கசிவு உள்ளவரும் தவிர்க்க வேண்டும். 17,187 நோயாளரை வைத்து நடந்து 1988இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வில் அஸ்பிரின் தனியாகவே மரணங்களை ஏறத்தாழ நான்கில் ஒன்றால் குறைத்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை, வைத்தியர் முன்பே எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும். நிலத்தில் இருந்து, சுவரில் சாய்ந்து, முழங்காலை மடித்துக்கொண்டால் இதயத்துக்கு வேலை குறையும், மயங்கினாலும் அடிபடாது. மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு புறப்படுவது, வழியில் போகிறவருக்கும் சேர்த்து ஆபத்து.

இருமினால் தப்பலாம் என்று பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அதன் வேர் 1976இல் கிரைலி என்ற அமெரிக்க இதய வைத்தியரின் குழு வெளியிட்ட அறிக்கை. பரிசோதனை மேசையில் இதயத் துடிப்பு திடீரெனக் குழம்பிய மூன்று பேர், விட்டுவிட்டு இருமி 24 முதல் 39 வினாடி நினைவோடு இருந்தார்கள். பக்கத்தில் வைத்தியரும் மின்னதிர்ச்சிக் கருவியும் இருந்த இடம் அது. வீட்டில் நாடி அடைபட்டவரின் இருமல் அடைப்பைத் திறக்காது. 1990ஐ அழைக்கும் நேரத்தைத்தான் தின்னும்.

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், ஒரே வீதி. முருங்கன், நானாட்டான் பக்கத்தார் பாலம் கடந்துதான் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வர வேண்டும். வசதியுள்ளவர்கள் சிலர் வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம் போக நினைப்பார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்னர் வழி குறுகினாலும், அது 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். அடைப்பைக் குழாய் விட்டுத் திறக்கும் சிகிச்சை, நோயைக் கண்டறிந்து 120 நிமிடத்துக்குள் கிடைக்காதென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போடச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். ஊசி பலன் தருவது முதல் 12 மணித்தியாலத்துக்குள்; அதிலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலமே பொன்னானது. கிட்டிய வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்து ஊசி போட்ட பிறகு, மேலிடத்துக்கு அனுப்புவதை வைத்தியர் தீர்மானிப்பார்.

அந்த ஊசி ஸ்ரெப்டோகைனேஸ் என்றால் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடும். அதனால் மறுமுறை அதே மருந்தைப் போடுவதில்லை, ரெனெக்ரிபிளேஸ் போன்ற வேறொன்று தேவை. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் ஊசியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதைக் குளிசைப் பெட்டியோடு வைத்திருக்க வேண்டும்.